குழந்தை எதையோ விழுங்கிவிட்டதா? அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் குழந்தை எதையாவது விழுங்கியிருந்தால், இப்போதைக்கு இவ்வளவு போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கிய பொருளின் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மீதியை வண்டியில் போகும்போது கூட வருபவர் படித்துச் சொல்லட்டும்.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பல வருடம் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். விஷம் குடித்ததாகத் தூக்கிக்கொண்டு வரப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ளவர்கள். எட்டிப் பிடிக்கக் கை வந்துவிட்டது, எது என்று தெரிந்துகொள்ளப் புத்தி இன்னும் வரவில்லை, அந்த வயது. லேசாக முடிந்திருக்க வேண்டியது மோசமாகிப் போனதை நான் பார்த்தபோதெல்லாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். வழியிலேயே விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அல்லது, “நல்லாத்தானே விளையாடுறான்” என்று மறுநாள் வரை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். இந்த இரண்டையும் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

குழந்தையை அந்த இடத்திலிருந்து தூக்குங்கள். வாய்க்குள் மாத்திரை, விதை, பேஸ்ட் ஏதாவது கண்ணுக்குத் தெரிந்தால் சுண்டு விரலால் வழித்து எடுங்கள். தெரியாததைத் தேடித் தொண்டைக்குள் விரலை விட வேண்டாம். ஈரத்துணியால் உதடு, நாக்கு, ஈறு துடையுங்கள். துணியில் கொட்டியிருந்தால் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குடிக்க எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல், முட்டை வெள்ளைக்கரு என்று ஊர் ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இதில் உப்புத் தண்ணீர்தான் பார்க்கச் சாதுவாக இருந்து அதிகம் ஏமாற்றுவது. சின்னக் குழந்தைக்கு இரண்டு டம்ளர் உப்புக்கரைசல் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பையும் மூளைக் கோளாறையும் உண்டாக்கும். பாலும் எல்லாவற்றுக்கும் முறிவு இல்லை. சூடம், அந்துருண்டை, எலி பேஸ்ட் மூன்றும் கொழுப்பில் கரைபவை. பாலும் நெய்யும் அவற்றை உடம்புக்குள் சீக்கிரம் ஏற்றிவிடும்.

குழந்தை தானாக வாந்தி எடுத்தால் தடுக்காதீர்கள். மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், அல்லது மடியில் முகம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் கிடைக்கிற வண்டியில் கிளம்பிவிடலாம். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் கூப்பிடலாம். பொருளின் பெயரைச் சொன்னால் அது எவ்வளவு ஆபத்து, என்ன செய்யலாம் என்று சொல்வார்கள். டாக்டர்களும் அங்கே கேட்பதுண்டு. ஆனால் கீழே முதல் இரண்டு தலைப்பில் உள்ள நிலைமை என்றால் அந்த எண்ணுக்குப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். 108 மட்டும்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இல்லை

என்ன குடித்தான் என்ற ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள். கடினமான தரையில் படுக்கவைத்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 நொடிக்கு மேல் போகாமல் பாருங்கள். இல்லையென்றால், அல்லது எப்போதாவது ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்து திணறினால், நடு நெஞ்சில் அழுத்தத் தொடங்குங்கள். ஒரு வயதுக்குள் என்றால் இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரலால், அதற்கு மேல் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால். நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. முப்பது தடவை அழுத்தி, இரண்டு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். குழந்தைகளுக்கு இதயத்துக்கு முன்பே மூச்சுதான் பெரும்பாலும் நிற்கிறது, அதனால் ஊதுவதை விட்டுவிடாதீர்கள். பூச்சி மருந்து என்று தெரிந்தால் வாயையும் முகத்தையும் நன்றாகத் துடைத்துவிட்டு ஊதுங்கள்.

108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். வண்டி வரும் வரை நிறுத்தாதீர்கள்.

வலிப்பு வருகிறது

தரையில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பக்கத்தில் இடித்துக்கொள்ளும்படி இருப்பதை நகர்த்துங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கிடையில் ஸ்பூன் வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மட்டும் பார்த்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

காய்ச்சல் இல்லாத குழந்தைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால் நான் முதலில் கேட்பது பூஜை அறையைப் பற்றி. சூடம் பார்ப்பதற்குக் கற்கண்டு மாதிரியே இருக்கும். பிரசாதத் தட்டில் கற்கண்டு எடுத்துத் தின்று பழகிய பிள்ளை பக்கத்தில் இருக்கும் சூடத்தையும் வாயில் போடும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம், ஒரு கிராம் போதும், அதாவது ஒன்றிரண்டு கட்டி. விழுங்கிய 5 முதல் 20 நிமிடத்துக்குள்ளேயே முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். சூடம் தின்றதாகத் தெரிந்து குழந்தை தெளிவாக இருந்தாலும் உடனே கிளம்பச் சொல்வது அதனால்தான். வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தால் வாந்தி அப்படியே நுரையீரலுக்குள் போகும்.

சளிக்கு என்று தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சித் தேய்க்கும் வழக்கமும் இருக்கிறது. தோல் வழியாகவும் சூடம் உள்ளே ஏறும். கைக்குழந்தையின் மூக்கில் தடவுவதை எந்தப் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள்.

வேப்பெண்ணெயும் இந்தக் கணக்கில்தான் வரும். பூச்சிக்கும் சளிக்கும் என்று ஒரு பாலாடை ஊற்றிவிடுவார்கள். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு 5 மில்லியிலேயே வாந்தி, மயக்கம், வேக வேகமான மூச்சு, அப்புறம் வலிப்பு என்று போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மரத்திலிருந்து வந்தது, இயற்கையானது என்பதால் ஈரலும் மூளையும் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. நீலகிரித் தைலத்துக்கும் இதே பேச்சுதான். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் அரை மணி நேரத்துக்குள் குழந்தை மயங்கலாம்.

கொங்குப் பக்கம் வாசல் தெளிக்க வைத்திருக்கும் சாணிப்பவுடர் வலிப்பு உண்டாக்கும் இன்னொரு பொருள். அது சாணியே இல்லை, மஞ்சளும் பச்சையுமான ரசாயனச் சாயம். கையிலும் வாயிலும் சாயம் ஒட்டியிருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பூச்சி மருந்தும் சர்க்கரை மாத்திரையும் வலிப்பில் கொண்டுவிடும், அவை கீழே வருகின்றன.

இருமுகிறான், மூச்சு வாங்குகிறது, வாயில் எண்ணெய் வாடை

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், பெட்ரோல். இதோடு கொசு விரட்டும் மெஷினில் போடும் ரீஃபில் திரவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் மருந்து கொஞ்சம்தான், மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெய்.

இந்த எண்ணெய்கள் வயிற்றுக்குள் இருக்கும்வரை பெரிய சேதம் செய்வதில்லை. தண்ணீரைவிட எளிதில் பரவும் தன்மை இருப்பதால், விழுங்கும்போது சில துளி மூச்சுக்குழாய்ப் பக்கம் வழுக்கிக்கொண்டு போய் நுரையீரல் முழுக்கப் படர்ந்துவிடும். ஒரு மில்லி போதும். வாந்தி எடுக்க வைத்தால் வயிற்றில் பேசாமல் கிடந்த மொத்தத்தையும் மறுபடி அந்த வழியாக மேலே கொண்டுவந்து நுரையீரலுக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கிறோம். குழாய் போட்டு வயிற்றைக் கழுவுவதும் இதே காரணத்தால் கூடாது. “வயிறு கழுவாம சும்மா வெச்சிருக்காங்க” என்று வார்டில் சண்டைக்கு வரும் உறவினர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவாமல் இருப்பதுதான் அங்கே வைத்தியம்.

குடித்த உடனே ஒரு தடவை இருமியிருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். குறைந்தது 6 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். வந்தவுடன் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், நான்கைந்து மணி நேரம் கழித்து எடுத்தால் நிழல் தெரியும். விலா எலும்புக்கிடையில் குழி விழுந்து மூச்சு வாங்குவது, மூக்குத் துவாரம் விரிவது, முனகல், உதடு நீலம் ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் ஆக்சிஜன் உள்ள முதல் இடத்துக்கு, அது ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி, போய் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு அப்புறம் மேலே போங்கள்.

இப்போது எல்லா வீட்டிலும் காஸ் வந்துவிட்டதால் மண்ணெண்ணெய் குறைந்திருக்கிறது. ஆனால் பெயின்ட் வேலை நடக்கும் வீட்டில் தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குறையவில்லை. தண்ணீர் பாட்டிலில் இருப்பது தண்ணீர் என்று ஒரு குழந்தை நம்பினால் அதில் அதன் தப்பு என்ன இருக்கிறது?

எச்சில் ஒழுகுகிறது, எதையும் விழுங்க மறுக்கிறது

இரண்டு காரணங்கள். இரண்டுமே அவசரம்.

ஒன்று, கக்கூஸ் கழுவும் ஆசிட், பிளீச்சிங் கரைசல், அடைப்பு நீக்கும் காரம். உதடும் நாக்கும் வெளுத்தோ சிவந்தோ இருக்கும், குழந்தை விடாமல் அழும். வாயைத் தண்ணீரால் துடையுங்கள், உதட்டையும் கன்னத்தையும் கழுவுங்கள். ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சைச் சாறு என்று பள்ளியில் படித்த கணக்கை இங்கே போடாதீர்கள். சேரும்போது சூடு கிளம்பி, வெந்த இடம் இன்னும் வேகும். ஒரு தடவை உள்ளே போகும்போது சுட்ட ஆசிட் வாந்தியாக வரும்போது இரண்டாவது தடவையும் சுடும். வாயில் புண் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். நாக்கைத் தொடாமல் உணவுக்குழாயை மட்டும் வேகவைத்த ஆசிட்டைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பட்டன் பேட்டரி. இது விஷம் இல்லை என்று தள்ளிவிட முடியாதபடி விஷத்தைப் போலவே வேலை செய்யும். ரிமோட், எடை மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை, கார் சாவி எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்கியிருக்கும். எச்சில் ஒழுகல், இருமல், சாப்பாட்டைத் தள்ளுதல் என்று சாதாரணச் சளி மாதிரித் தோன்றும். சந்தேகம் இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: “பேட்டரியா இருக்குமோன்னு பயமா இருக்கு, எக்ஸ்ரே எடுங்க.” எக்ஸ்ரேயில் காசு போலத் தெரிவதன் விளிம்பில் இரட்டை வளையம் இருந்தால் அது பேட்டரி. காலை வரை காத்திருக்காமல் எடுத்தாக வேண்டும்.

வாய் வழியாக எதுவும் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இங்கே ஒரு விலக்கு. குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிகிறது என்றால் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் பேட்டரியின் மேல் படிந்து அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேன் வாங்கக் கடை தேடி நிற்காதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனே கூடாது.

எச்சில், வியர்வை, கண்ணீர் எல்லாம் கொட்டுகிறது

கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு, தசை துடிப்பு, கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பது என்றால் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்து. சின்னக் குழந்தைகளில் இத்தனையும் சேர்ந்து தெரியாமல், துவண்டு போவதும் வலிப்புமாக மட்டும் வரலாம். நெஞ்சுக்குள் சளி நிரம்பி மூச்சு அடைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. அட்ரோபின் ஊசி கையிருப்பில் உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

இது குடித்தால் மட்டும் வருவதில்லை. பேனுக்கு என்று தலையில் பூச்சி மருந்து தேய்த்துத் துண்டு கட்டிவிட்ட பெண் குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். தலையைச் சோப்புப் போட்டு அலசுங்கள், துணியை மாற்றுங்கள், நீங்கள் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்து வாருங்கள். பூச்சி மருந்தில் பல இனம் உண்டு, எல்லாவற்றுக்கும் அட்ரோபின் கேட்காது.

உடம்பு கொதிக்கிறது, வாய் காய்ந்திருக்கிறது, பிதற்றுகிறான்

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கருமணி அகன்று, முகம் சிவந்து, எச்சிலே இல்லாமல், காற்றில் எதையோ பிடிக்கக் கையை நீட்டுவான். சிறுநீர் கழிக்க முடியாமல் அடிவயிறு புடைத்திருக்கும். ஊமத்தை. விதையும் பூவும்தான் பிள்ளைகளின் கைக்குக் கிடைப்பது. பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரம் போக்கிவிட்டு வருவார்கள். குழந்தையை வெளிச்சமும் கூச்சலும் இல்லாமல் வைத்துக்கொண்டு, விழுந்துவிடாமல் அணைத்தபடி கொண்டுவாருங்கள். விளையாடின இடத்தில் முள்ளுக்காய் கிடந்தால் ஒன்றை எடுத்து வாருங்கள்.

தூங்கி வழிகிறான், சில்லென்று வியர்க்கிறது

வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களா என்று கேட்பேன். மேசையில், தலையணைக்கு அடியில், முந்தானை முடிச்சில் மாத்திரை இருக்கும். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றில் ஒரே ஒரு மாத்திரை போதும், இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். உடனே இறங்குவதும் இல்லை. பகலில் தின்றுவிட்டு நள்ளிரவில் தூக்கத்திலேயே இறங்கலாம், நாமும் அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் ஒரு மாத்திரைதானே என்று எண்ணாமல் 24 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தை விழித்திருந்து நன்றாக விழுங்க முடிந்தால் வழியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயக்கமாக இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம்.

ரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக அம்லோடிபின், குழந்தையின் ரத்த அழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். கருமணி சுருங்கி மூச்சு மெதுவாகிக்கொண்டே போனால் கோடீன் கலந்த இருமல் மருந்தையோ பேதி நிறுத்தும் மாத்திரையையோ சந்தேகப்பட வேண்டும். கை கழுவும் சானிடைசரையும் வாசனைத் திரவியத்தையும் குடித்தாலும் மயக்கமும் சர்க்கரை இறக்கமும் வரும். அட்டையில் எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணி வாருங்கள். சரியாகத் தெரியாவிட்டால் அதிகபட்சம் எத்தனை தின்றிருக்கலாமோ அதைச் சொல்லுங்கள்.

வாந்தியும் பேதியும் நிற்கவில்லை

நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்தாற்போல வாந்தி எடுத்துக்கொண்டு வந்தால் அநேகமாகக் காட்டாமணக்கு. கொட்டை ருசியாக இருக்கும், ஒருவன் கண்டுபிடித்து எல்லோருக்கும் பங்கு போட்டிருப்பான். பெரும்பாலும் நீர்ச்சத்து ஏற்றினால் மறுநாள் தெளிந்துவிடுவார்கள். ஆமணக்கு விதையும் குன்றிமணியும் கடித்து மென்றிருந்தால் கடுமையானவை. மெல்லாமல் முழுசாக விழுங்கிய குன்றிமணி பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், ஆனாலும் காட்டிவிடுங்கள்.

அரளி வேறு. மஞ்சள் பூப் பூக்கும் தங்கரளியின் காய்க்குள் இருக்கும் விதையில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வாந்தியில் ஆரம்பித்து நாடித் துடிப்பு தப்பிப்போகும். குழந்தைக்கு ஒரு விதையே ஆபத்து. இசிஜி எடுக்க வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும், வாந்தி நின்றதும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

வாந்தியில் ரத்தமோ கருப்போ தெரிந்தால் அம்மாவின் சத்து மாத்திரையை நினையுங்கள். கர்ப்ப காலத்தில் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை மிட்டாய் போலவே இருக்கும். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. 10 கிலோ குழந்தை 10 மாத்திரை தின்றால் கிலோவுக்கு 60 மில்லிகிராம், அது கடும் நஞ்சு. முதல் 6 மணி நேரம் வாந்தி பேதி. அடுத்து ஒரு அமைதி, குழந்தை தேறிவிட்டது போலத் தெரியும். அதற்குப் பிறகுதான் ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலையும் ஈரல் சேதமும். அந்த அமைதியில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள்.

கண்ணில் பட்டது, கழுத்து வீங்குகிறது

வெற்றிலைச் சுண்ணாம்பு டியூபை அழுத்தி விளையாடும்போது கண்ணில் தெறித்தால், ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 30 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே கழுவி முடிக்க வேண்டும். முதல் நிமிடத் தண்ணீர்தான் பார்வையைக் காப்பாற்றும்.

தலைச்சாயத்தைக் குடித்த குழந்தைக்குச் சில மணி நேரத்தில் நாக்கும் கழுத்தும் வீங்கி மூச்சுக்குழாயை நெரிக்கும். வீக்கம் தொடங்குவதற்கு முன்பே பெரிய மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

சிறுநீர் கருத்தது, அல்லது நின்றுபோனது

துணிக்கு நடுவே போடும் அந்துருண்டையைச் சப்பியிருந்தால், ஓரிரு நாள் கழித்துக் குழந்தை வெளிறி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்த அணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு ரத்தம் உடைந்துவிடும்.

இருமல் மருந்து கொடுத்த குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் போவது குறைந்து நின்றால் அந்த மருந்தையே சந்தேகப்படுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற, சிறுநீரகத்தைக் கெடுக்கும் ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்தப் பெற்றோர் செய்தது எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்ததை அளந்து ஊற்றியதுதான். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு ஆறவில்லை. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம் என்று மத்திய அரசின் அறிவுரை இருக்கிறது. டாக்டரிடமே இதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றுமே இல்லை, ஓடி விளையாடுகிறான்

நான் அதிகம் பயப்படுவது இந்தத் தலைப்புக்குத்தான்.

எலி பேஸ்ட். இதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். 3 சதவீதம் கலந்த பேஸ்ட்டைத் தமிழ்நாட்டில் விற்கத் தடை இருக்கிறது, இருந்தும் பழைய டியூப் வீடுகளில் கிடக்கிறது. தக்காளித் துண்டிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி மூலையில் வைப்பார்கள், எலிக்கு முன்னால் தவழும் குழந்தை போய்விடும். முதல் நாள் ஒன்றிரண்டு வாந்தி, அதுவும் இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஓரிரு நாள் அமைதி. மூன்றாம் நாள் கண் மஞ்சளிக்கும். அப்போது ஈரல் ஏற்கெனவே பாதி போயிருக்கும். வாயில் பூண்டு வாடை அடித்தாலோ, விரலில் பேஸ்ட் ஒட்டியிருந்தாலோ அன்றைக்கே அட்மிட் செய்து, தினமும் ஈரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் பார்க்க வேண்டும். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு அனுப்பினால் பிழைக்க வழி இருக்கிறது. எலிக்கு வைக்கும் கேக் வகை வேறு, அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும், இரண்டு நாள் கழித்துச் சோதித்து வேண்டுமானால் வைட்டமின் கே கொடுப்பார்கள்.

பாராசிட்டமால். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது மருந்து. மொத்தமாகக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது விஷம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள 60 மில்லி பாட்டில் ஒன்றில் 3,000 மில்லிகிராம் இருக்கிறது, 10 கிலோ குழந்தைக்கு ஒரு பாட்டில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். முதல் நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரலை அநேகமாகக் காப்பாற்றிவிடும். குடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள் என்று விடாமல் சொல்வது இதற்காகத்தான். சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்று என்று நினைப்பதும் ஆபத்து. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம், அதை ஸ்பூனில் ஊற்றக் கூடாது.

மருத்துவமனையில் என்ன சொல்ல வேண்டும்

என்ன, எவ்வளவு, எப்போது, குழந்தையின் எடை, வீட்டில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள். கடைசியை மறைப்பார்கள், திட்டுவோமோ என்று. உப்புத் தண்ணீர் கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து “வெறும் வாந்திதான்” என்று சொல்பவர்களும் உண்டு. விஷம் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போவது எல்லாருக்கும் நடக்கும் வழக்கமான நடைமுறை, உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்கு அல்ல. அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதேபோல, வீட்டில் யார் கவனிக்காமல் விட்டது என்ற பஞ்சாயத்தை வார்டு வாசலில் வைக்காதீர்கள். அந்தச் சண்டையில் மருமகள் வாயை மூடிக்கொள்வாள், எங்களுக்கு வேண்டிய தகவல் அவளிடம்தான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துச் சோறு இறங்கவில்லை

ஆசிட்டோ காரமோ குடித்துப் பிழைத்த குழந்தைக்கு இது வரலாம். டிஸ்சார்ஜ் ஆகி, நன்றாகச் சாப்பிட்டு, எல்லோரும் மறந்துபோன நேரத்தில் முதலில் இட்லி தொண்டையில் நிற்கும், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். புண் ஆறும்போது உணவுக்குழாய் தழும்பு பட்டுச் சுருங்குகிறது. பிடிவாதம் பிடிக்கிறான் என்று அடித்து ஊட்டாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனால் எண்டோஸ்கோப்பி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துவிடுவார்கள். ஒரு தடவையில் முடியாது, மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போங்கள்.